முதல் வரிசை அட்டைக் குரங்கு

வேங்கை மரங்கள் சூழ்ந்த ஒரு காட்டில் பேஸ்பால் மைதானம் ஒன்று இருந்தது. பந்தைக் கட்டையால் அடித்துவிட்டு நான்கு மூலையையும் சுற்றி ஓடிவர வேண்டும். அதற்காகச் சம்பளத்துக்கு எடுத்த வீரர்களில் மாசானம் என்ற கரடியும் ஒருவன். மூன்று வருடமாக அவன் ஒரு பந்தையும் அடிக்கவில்லை.

காரணம், முதல் வரிசையில் உட்காரும் சுடலி என்ற குரங்கு. மாசானம் கட்டையைத் தூக்கியதும், "அது பந்துடா, தேன்கூடு இல்ல, பயப்படாம அடி" என்று கத்துவாள். சனம் சிரிக்கும். அவன் காற்றை அடித்துவிட்டுத் திரும்புவான். மைதான மேலாளர் தணிகாசலம் என்ற முள்ளம்பன்றி, "இந்த வருஷமும் அடிக்கலைன்னா நீ கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருடம்தான் காட்டில் இருமல் காய்ச்சல் பரவியது. ஆட்டம் நடக்கலாம், பார்வையாளர் கூடாது என்று உத்தரவு வந்தது. தணிகாசலம் விதிகளை எழுதி ஒட்டினார். வாசலில் காய்ச்சல் பார்க்கப்படும். மைதானத்தில் துப்பக் கூடாது. ஜெயித்தால் கட்டிப்பிடிக்கக் கூடாது. அவரை இதுவரை யாரும் கட்டிப்பிடித்ததில்லை. கடைசி விதியை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

காலி இருக்கைகளைப் பார்த்தால் எழவு வீடு மாதிரி இருக்கிறது என்று டிவிக்காரர்கள் குறைப்பட்டார்கள். ஆகவே ரசிகர்களிடம் போட்டோ வாங்கி, ஆளுயர அட்டை வெட்டி, அவரவர் இருக்கையில் நிறுத்தினார்கள். கைதட்டல் ஸ்பீக்கரில் வந்தது. சுடலியும் ஒரு போட்டோ கொடுத்தாள்.

முதல் ஆட்டத்தில் மாசானம் கட்டையைத் தூக்கினான். அட்டைச் சுடலி சிரித்தபடி இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பந்து வேலியைத் தாண்டிப் போனது. நான்கு மூலையையும் அவன் அழுதுகொண்டே சுற்றி வந்தான். அதன்பின் அணி வரிசையாகப் பதினொரு ஆட்டம் ஜெயித்தது.

காய்ச்சல் ஒழிந்தது. சுடலி வாசலுக்கு வந்துவிட்டாள் என்று கேட்டதும் மாசானம் மேலாளரின் காலைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, அவ உள்ளே வந்தா நான் தொலைஞ்சேன்."

தணிகாசலம் வாசலுக்குப் போனார். "உங்க இடத்துல ஆள் இருக்கும்மா."

"யாரு?"

"நீங்கதான்."

"அது அட்டைங்க. நான்தான் சுடலி."

அவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். "இந்த முகம் உள்ளே இருக்கிறவங்களுக்குத்தான் ஒத்துப்போகுது. நீங்க வீட்டுலயே இருந்து கொஞ்சம் ஊதிட்டீங்க."

"சரி, நான் உட்கார என்ன செய்யணும்?"

"ஒரு விண்ணப்பம் இருக்கு. இப்ப உட்கார்ந்திருக்கிறவங்க ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும்."

"அட்டை எப்படிப் போடும்? ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதானே அர்த்தம்?"

"அவங்க எதுக்குமே ஒண்ணும் சொல்றதில்லையே."

சுடலி வேலிக்கு வெளியே நின்றாள். அப்போது மழை பிடித்துக்கொண்டது. அட்டைகள் ஊறி வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அட்டைச் சுடலி மடங்கிப் பக்கத்து மான்மேல் விழுந்தாள்.

"இப்பவாவது விடுங்க," என்றாள் சுடலி. "நான் நல்லாத்தானே இருக்கேன்."

"ரசிகர்கள் மொத்தமாப் படுத்துட்டாங்க. இந்த நேரத்துல வெளியாளை உள்ளே விட முடியாதும்மா."

ஆட்டம் பதினான்கு நாள் தள்ளிவைக்கப்பட்டது. ரசிகர்களை ஆறடி இடைவெளி விட்டு வெயிலில் காயப்போட்டார்கள். மாசானம் தினமும் வந்து ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தான்.

நீதி: கத்துகிற ரசிகரைவிட, காயப்போட்டால் நிமிர்ந்துவிடுகிற ரசிகரே அணிக்கு நல்லது.