பூட்டுக்கடைக்காரரின் குழம்பு

கட்டின மனைவியின் விலை ஒரு சிட்டிகை உப்பு. சந்தையில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பூட்டுக்கடைக்காரர் அந்த விலைக்குத்தான் அவளைப் பறிகொடுத்திருந்தார்.

தட்டில் கைவைத்ததும் "உப்பு இல்லை" என்பது அவருக்கு மூச்சுவிடுவது மாதிரி. ஒருநாள் விருந்தாளிகள் முன்னால், "உப்புன்னா எப்படியிருக்கும்னாவது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் வீட்டுக்குப் போனவள், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்றவர், தன் வாய்க்கு ஒன்று மாட்டாமல் விட்டதன் பலன்.

இன்று அதே மகள் வீட்டு அடுப்படியில், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் நிற்பதற்குக் காரணம் மகளின் போன்.

"அப்பா, அம்மா கொஞ்சம் இறங்கி வந்திருக்காங்க. 'அந்த மனுஷன் தன் கையால ஒரு குழம்பு வைக்கட்டும். வாயில வைக்க முடிஞ்சா கூடப் போறேன்'னு சொல்றாங்க."

மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். வருவதற்குள் முடிக்கவேண்டும்.

காய் கொதித்தது. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். உப்பு இல்லை. ஒரு கரண்டி போட்டார். அப்போதும் இல்லை. இன்னொரு கரண்டி.

மகள் வந்து ருசி பார்த்தாள். முகம் எட்டுக் கோணலாயிற்று. "அப்பா, நீங்களுமா!" என்று தண்ணீரைத் தேடி ஓடினாள்.

பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். குழம்பு குளமாயிற்று. கெட்டியாக்க மாவு போட்டார். அது கோலிக்குண்டு கோலிக்குண்டாக மிதந்தது. குண்டுகளை மத்தால் கடையப்போக, காயெல்லாம் கூழாயிற்று. இந்தக் கலவரத்தில் அடியைக் கிண்ட மறந்தார். பாத்திரம் அடிபிடித்தது.

மாப்பிள்ளையைப் பெற்ற சம்பந்தியம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீஞ்சா தீயட்டும் அண்ணா, தைரியமா வைங்க. இன்னிக்கு விட்டா இன்னொரு நாள் அமையாது."

தேங்கிய சரக்கைத் தள்ளிவிடத் துடிக்கும் வியாபாரியின் அவசரம் அந்தக் குரலில் இருந்தது. பூட்டுக்கடைக்காரர் அதைப் பாசமென்று எடுத்துக்கொண்டார்.

வாசலில் செருப்புச் சத்தம். கடைசியாக ஒருமுறை நக்கினார். சப்பென்றிருந்தது. கை பழைய புத்தியில் உப்பு ஜாடிக்குள் போய்விட்டு வந்தது.

சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு ஜக் தண்ணீர் வைத்திருந்தார்கள். மனைவியின் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன டம்ளர்.

அவள் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. அதை இத்தனை கிட்டத்தில் பார்க்கும் உரிமை தனக்கு மிச்சமிருக்கிறதா என்று தெரியாமல், அவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

ஒரு வாய் சாப்பிட்டாள்.

"அடிபிடிச்சிருக்கு."

"ஆமா."

"மாவு கட்டி கட்டியா இருக்கு."

"இருக்கு."

"இது என்ன காய்?"

"போடும்போது கேரட்டா இருந்துச்சு."

இரண்டாவது வாயை மெல்ல மென்றாள். அவர் மனசுக்குள் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"உப்பு சரியா இருக்கு," என்றாள். கண் கலங்கியிருந்தது. "ஏங்க, இன்னொரு கரண்டி ஊத்துங்க."

இரண்டு வருஷமாக அவரை யாரும் 'ஏங்க' என்று கூப்பிடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதிக் குழம்பு மேசைக்குப் போயிற்று.

"அன்னிக்கு நீ வெச்சதுலயும் உப்பு சரியாத்தான் இருந்துச்சு. வாய்ப் பழக்கத்துல சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாதாக்கும்," என்றாள் அவள். "இருங்க, துணிமணியை எடுத்து வெச்சுட்டு வர்றேன்."

அவள் உள்ளே போனதும் பூட்டுக்கடைக்காரர் சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சுக்கணும். உங்களுக்கெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கெடுத்துட்டேன்."

சம்பந்தியம்மா ஜக்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஒரு வேளையா? அண்ணி வந்த நாளா மூணு வேளையும் உங்க நாக்குக்குத்தான் உப்பு போடுறாங்க; ஏற்கெனவே நொந்தவங்களாச்சேன்னு நாங்க வாயைத் திறக்கல. உங்களுக்கு போன் போடச் சொன்னதே நான்தான். உங்க உப்பு உங்களுக்கு, எங்க நாக்கு எங்களுக்கு. கணக்கு நேராயிடுச்சு, கூட்டிட்டுப் போங்கண்ணா!"