ஆமென் அக்கா பந்து எறிந்த விதம்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஆமென் அக்காவைப் போல நிதானமாகப் பந்து எறிகிறவரைப் பார்க்க முடியாது. அவர் எறிய ஆரம்பித்து முடிப்பதற்குள் தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயில் சானடோரியம் போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்புறம் கல்லூரி, ஹாஸ்டல், அதற்கும் மேலே சாஃப்ட்பால் டீம். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் இரண்டாவது பேஸில் நிற்பேன். அக்கா கேட்சர், மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருப்பார். எதிர் டீம்காரி முதல் பேஸிலிருந்து நைசாக என் பக்கம் ஓடி வந்தால், அக்கா பந்தைப் பிடித்து எழுந்து, அவள் வருமுன் எனக்கு எறிய வேண்டும்; நான் அந்தப் பந்தால் அவளைத் தொட்டால் அவள் அவுட். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அக்கா சிலுவை போடாமல் எதையும் தொடங்க மாட்டார். மெஸ் உப்புமாவுக்கே இரண்டு தடவை போடுவார். பந்து பிடித்த கையாலேயே நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள், பிறகு ‘ஆமென்’ என்று ஒரு சத்தம். அப்புறம்தான் எறிவார். அதற்குள் ஓடி வந்தவள் என் பக்கத்தில் நின்று மண்ணைத் தட்டிவிட்டு, “உங்க ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி?” என்று விசாரிப்பாள். ஆட்டம் முடிகையில் அக்காவின் நெற்றியில் செம்மண் பொட்டு பளிச்சென்று இருக்கும்.

“பந்து காதுக்குப் பின்னால போகணும்மா, நெத்திக்கு இல்ல,” என்று பி.டி. மேடம் தொண்டை வற்றக் கத்தினார். இடது கையால் சிலுவை போடச் சொன்னார். அக்கா கையுறையால் தன் மூக்கிலேயே அறைந்துகொண்டார். மனசுக்குள் போடச் சொன்னார். அதற்கு அக்கா கண்ணை மூட வேண்டியிருந்தது. அந்தப் பந்து சுவரைத் தாண்டி ரயில்வே லைனில் விழுந்தது.

கடைசியில் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த மேட்சில் ஒருத்தி இப்படி ஓடித் தப்பித்தாலும் அக்காவுக்கு டீமில் இடமில்லை. பாட்டுக் குழுவிலிருந்து அக்காவை ஏற்கெனவே நீக்கியிருந்தார்கள். இதுவும் போனால் கல்லூரியில் அவருக்கு மிச்சம் பாட்டனி வகுப்பு மட்டும்தான். அன்று அவர் சிலுவையே போடாமல் உப்புமா சாப்பிட்டார். எங்களுக்குப் பயமாகிவிட்டது.

மேட்ச் நாள் காலையில் கல்லூரி சேப்பலுக்குள் போன அக்கா வெளியே வரவே இல்லை. எட்டிப் பார்த்தால், கொசு அடிக்கிற வேகத்தில் சிலுவை மேல் சிலுவையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். “எல்லாத்தையும் அட்வான்ஸா போட்டு வச்சுட்டேன். இனிமே எறியறதுதான் பாக்கி,” என்றார்.

அன்று பந்து காதுக்குப் பின்னால் போய், விர்ரென்று என் கைக்கு வந்தது. ஓடி வந்தவர்களெல்லாம் சாப்பாடு விசாரிக்க நேரமில்லாமல் அவுட் ஆனார்கள். மேடம் நாற்காலியில் உட்காரவே மறந்துவிட்டார்.

கடைசிக் கட்டம். இன்னும் ஒருத்தி அவுட்டானால் எங்களுக்கு ஜெயம். முதல் பேஸில் அவர்களுடைய ஓட்டக்காரி. அக்கா ஆட்டத்தை நிறுத்தி என்னிடம் வந்தார்.

“தீர்ந்துபோச்சுடி. காலைல போட்டது எல்லாம் செலவாயிடுச்சு.”

“நீங்க எறிங்கக்கா. உங்களுக்கு நான் போடறேன்.”

“நீ எங்க கோயில் இல்லையேடி.”

“கை இருக்கில்ல?”

அக்கா யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஓட்டக்காரி பாய்ந்தாள். நான் நெற்றி, நெஞ்சு, வலது தோள், இடது தோள் என்று அவசரமாகத் தொட்டு ‘ஆமென்’ என்று கத்தியபோது பந்து கையுறைக்குள் வந்து விழுந்தது. அப்படியே அவள் காலில் வைத்தேன். அவுட்.

எல்லோரும் குதிக்க, அக்கா மட்டும் நேரே என்னிடம் வந்தார்.

“இடது தோள் முதல்ல வரணும்டி.”

“அப்ப செல்லாதாக்கா?”

அக்கா மேடத்தைப் பார்த்தார். மேடம் கைதட்டிக்கொண்டிருந்தார். “செல்லும், செல்லும்,” என்று அக்கா மூக்கை உறிஞ்சினார்.

இப்போது படப்பை பஸ்ஸுக்கு ஓடும்போது என் கை தானாக நெற்றிக்குப் போகிறது. இடது தோள்தான் முதலில் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் வலது தோளைத்தான் முதலில் தொடுகிறேன். செல்லும் என்று சொன்னது அக்காவாயிற்றே.