தரமான நூல் கிடைக்கும்

ஆர்க்குட் இணையதளத்தில் ஆயிரம் வாசகர்களைப் பிடிக்காமல் ஓய்வதில்லை என்று லிங்கசாமி சபதம் எடுத்தபோது, அவர் மனைவி மயிலாள் கட்டிலுக்கடியில் விளக்குமாற்றை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குமாறு நுழையவில்லை. அங்கே அவர் சொந்தச் செலவில் அச்சடித்த நாவல் கட்டுக்கட்டாகக் குடியிருந்தது.

"தைப்பொங்கலுக்குள்ள இதெல்லாம் ஊட்ட விட்டுப் போகோணுங்க. போயிருச்சுன்னா அடுத்த நாவல் எழுதிக்கங்க. போகலீன்னா பேனாவை வெச்சுப்போட்டு எங்கண்ணன் நூல் குடோனுக்கு வேலைக்குப் போயிருங்க."

மச்சான் அப்புசாமியிடம் கைகட்டி நிற்க லிங்கசாமிக்கு மனமில்லை. அன்றைக்கே 'திருப்பூர் நூல் நண்பர்கள்' என்று ஆர்க்குட்டில் ஒரு குழுமம் தொடங்கினார். 'தரமான நூல் வெளிவந்துள்ளது, விரும்புவோர் தொடர்புகொள்க' என்று எழுதினார்.

திருப்பூரில் நூல் என்றால் பனியன் நூல்தான் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். எழுத்தாளருக்குத்தான் மறந்துவிட்டது. மறுநாளே கேள்விகள் வந்து கொட்டின. எத்தனாம் நம்பர்? கிலோ என்ன விலை? சாயம் ஒட்டுமா? நடுவில் அறுந்துபோகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை மட்டும் விமர்சனமாக எடுத்துக்கொண்டு, கதை கடைசிவரை அறாது என்று பதில் போட்டார்.

"பனியன்காரங்க தொல்லை தாங்கல மயிலு. நான் வெளிய போறப்ப நீ உக்காந்து இவங்களையெல்லாம் பாத்து அனுப்பிரு."

"சரிங்க, அனுப்பிடறனுங்க."

அதன்பிறகு வாரத்துக்கொரு கட்டு குறைந்தது. யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால், எல்லாம் ஆர்க்குட்டில் வந்தவர்கள்தான் என்றாள். காசை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். மார்கழி முடியும் முன்பே விளக்குமாறு சுவர்வரை போய் வந்தது. லிங்கசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொங்கலன்று மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "உங்கண்ணனை வேற ஆள் பாத்துக்கச் சொல்லு. நாளைக்கே அடுத்த நாவலை ஆரம்பிக்கறேன்."

"ஆரம்பிங்க. அண்ணனும் அதைத்தான் கேட்டுட்டே இருக்குதுங்க."

"அவருக்கு எதுக்கு நாவல்?"

"நீங்க வேண்டாம்னவங்களையெல்லாம் அவருகிட்டத்தானுங்க அனுப்புனேன். நூல் வாங்குனா நூல் ஃப்ரீன்னு சொன்னோம். யாவாரம் பிச்சுக்கிச்சு."

லிங்கசாமி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். மயிலாள் பொங்கலை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்ததை மட்டும் கொஞ்சம் சின்னதா எழுதோணுமாமா. மூட்டைக்குள்ள சொருக முடியறதில்லையாமா."