மண்புழு வேந்தர் தம் பட்டியலை உலகுக்குத் திறந்த வெள்ளிக்கிழமை

வாழ்க, மண்புழு வேந்தர்! பதினோராண்டு ஈரமண் அகழ்ந்து, நெளிவன யாவற்றையும் எண்ணி, அவ்வெண்ணிக்கை கொண்டு ஏழு கட்டுரைகளும் இரு பதவி உயர்வுகளும் வென்ற, வழுக்கைநெற்றியில் குழல்விளக்கின் ஒளி தவழும் மாவீரராம் நம் மண்ணியல் பேராசிரியரின் புகழைப் பாடத் தொடங்குகிறோம். நாவே, தடுமாறாதே, கணினியே, அரைமணி நேரமாவது உறைந்து நிற்காதே!

"அறிவியல் அனைவர்க்கும் பொது! தரவைப் பூட்டி வைப்பவன் ஆய்வாளனே அல்லன்!" என்று சென்ற மாதம் கருத்தரங்க மேடையில் அவர் முழங்கியபோது ஒலிபெருக்கி அதிர்ந்தது, முன்வரிசை விழித்துக்கொண்டது. அடுத்து வந்த கருத்துக்கணிப்புத் தாளில், 'உமது ஆய்வுத் தரவைப் பிறருக்குத் திறந்துவைக்க ஆயத்தமா?' என்ற வினாவுக்கு அவர் பணிபுரியும் ஆய்வு நிலையத்தார் நாற்பது பேரும் 'முழு ஆயத்தம்' என்றே குறியிட்டனர். அதை மெய்யென்று நம்பியவர் இயக்குநர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒவ்வொருவரும் ஒரு தரவுக்கோப்பையாவது நிலையத்தின் பொதுத்தளத்தில் ஏற்றுக என அவர் ஆணையிட்டதும், இடியோசை கேட்ட நாகம்போல் நாற்பது வீரரும் தத்தம் அறைக்குள் சுருண்டனர். ஒருவருக்கு முதுகுவலி வந்தது. ஒருவருடைய கோப்பு, எப்போதோ தொலைந்த மடிக்கணினிக்குள் இருந்தது. மற்றோர், முதலில் யார் ஏற்றுகிறார் பார்ப்போம் என்று கதவிடுக்கு வழியே ஒருவரையொருவர் வேவு பார்த்தனர்.

வெள்ளி நாலரை மணி. நம் வேந்தர் சுழல்நாற்காலி என்னும் தேர்மீதேறி, சுட்டி என்னும் வாளைக் கைக்கொண்டு, மூவாயிரம் வரிசை கொண்ட அந்தப் பெருங்கோப்பைத் திறந்தார். இதற்குமுன் அவர் அதைத் திறந்தவர் அல்லர். கூட்டுத்தொகை மட்டுமே அவருக்கு வந்து சேரும். திறந்தவர், கடைசிப் பத்தியில் இருந்த 'குறிப்பு' என்னும் நச்சம்பு நெஞ்சில் தைக்கத் துடித்தார்.

'மழை. சார் வரல.' 'வெயில். சார் வரல.' 'புழு 46. சார் போன்ல கேட்டுக்கிட்டாரு.' இப்படியே பதினோராண்டு! ஏழு கட்டுரைகளிலோ, 'நேரில் நின்று நாமே எண்ணினோம்' என்று அவர் கையால் எழுதியிருந்தார்.

புழு எண்ணிய ஆய்வக உதவியாளர், நிலையமே 'அக்கா' என்றழைக்கும் அம்மையார், எதிரே மண் அப்பிய கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா எழுதி வெச்சீங்க?"

"நடந்தத நடந்தபடி எழுதுங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன். அது புழுவப் பத்திம்மா!"

"புழுவெல்லாம் ஒழுங்கா வந்துச்சு சார்."

வேல் பாய்ந்த வேழமென வேந்தர் முனகினார். அப்பத்தியை அடியோடு அழித்தொழிக்கச் சுட்டியை ஓங்கினார்.  அம்மையார் கையுறையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு வேந்தரின் கையையே பார்த்தார். ஓங்கிய சுட்டி அந்தரத்தில் நின்றது. பகைவர் ஆயிரவர் சூழினும் கலங்காத வேந்தருக்கு அந்த ஒரு பார்வையால் வியர்த்துக் கொட்டியது.

அவ்வேளை வாயிலில் தோன்றினார், பக்கத்து அறைப் பாசியியல் பேராசிரியர். பதவியிலும், வாகன நிறுத்துமிடத்திலும், பன்னீராண்டாக நம் வேந்தரோடு பொருதும் பெரும்பகைவர்.

"என்ன சார், இன்னும் போடலியா? அப்ப நானே போட்டுடறேன். பட்டியல்ல முதல் பேரு நம்ம பேரா இருந்துட்டுப் போகட்டும்."

முதல் பேரா! பாசிக்காரன் பெயரா! ஊழிக்காலத்து நெருப்பென வேந்தரின் மானம் கொழுந்துவிட்டது. நடைவழியில் பகைவரின் காலணி தடதடவென ஓடியது. இங்கோ அச்சம் மறந்தது, பத்தி மறந்தது, ஏழு கட்டுரையும் மறந்தது. குன்றின்மேல் விழும் இடியென வேந்தரின் விரல் 'ஏற்றுக' என்னும் பொத்தான்மேல் விழுந்தது. பச்சைக்கோடு ஊர்ந்தது, தவழ்ந்தது, நிறைந்தது. 'பதிவு எண் ஒன்று. ஏற்றிய கோப்பை மாற்றவோ நீக்கவோ இயலாது' என்று திரை அறிவித்தது.

"அப்படியே போயிடுச்சா சார்?" என்றார் அம்மையார்.

"போயிடுச்சும்மா" என்றார் வேந்தர். குரல் தேய்ந்திருந்தது.

அன்றுதொட்டு, அகிலத்துப் புழுவறிஞர் எல்லாம் அணிதிரண்டு, 'சார் வரல, சார் வரல' என்று முரசறைந்து தம் அறைக்கதவை உடைக்கும் நாளை எதிர்நோக்கி, காலையில் பூட்டைத் திறந்த கையோடும், மாலையில் விளக்கை அணைக்குமுன்னும், கோப்பைப் பார்த்தோர் எண்ணிக்கை காட்டும் அந்தச் சிறு கட்டத்தை இமை கொட்டாமல் நோக்கி நடுங்கினார் நம் மாவீரர்.

ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் ஒருத்தரும் பாக்கல.