மாமாவின் மீசை முடியவில்லை

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை காலை.

திட்டக்குடியில் இருக்கும் மதிப்புக்குரிய மாணிக்கவேல் மாமாவுக்கு, உங்கள் மைத்துனன் பழமலை பணிவுடன் எழுதுவது. நானும் கமலமும் நலம். வெள்ளிக்கிழமை பவளவிழாவை வைத்துக்கொண்டு நீங்களும் அக்காவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் பொம்மை முடிந்துவிட்டதா என்று அக்கா போனில் கேட்டாள். முடிந்துவிட்டது. ஆனால் முடியவில்லை. போனில் சொன்னால் புரியாது என்பதால் எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்த காலமெல்லாம், ரிடையர் ஆனதும் பீங்கான் பொம்மை செய்யப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். ரிடையரும் ஆனேன். முதலில் மேசை ஆடியது, தச்சரைத் தேடினேன். பிறகு வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் நகர்த்தினேன், வெயில் முகத்தில் அடித்தது, திரை வாங்கி மாட்டினேன், வெளிச்சம் போய்விட்டது. கடைசியில் சென்னையிலிருந்து என் மகள் இனியாதான், "அப்பா, மூடு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. தினம் டீ குடிச்சதும் கொஞ்ச நேரம் உக்காருங்க. ஒரு நாளும் வுடாதீங்க" என்றாள். உட்கார்ந்தேன். மாமா, நிஜமாகவே வேலை நடந்தது! ஒரு முழ உயரத்தில் நீங்கள் வேட்டி சட்டையோடு நாற்காலியில் அமர்ந்துவிட்டீர்கள். சூளையில் ஒருமுறை சுட்டும் ஆயிற்று. மீசையை மட்டும் வண்ணத்தில் வரைந்து இன்னொரு முறை சுட்டால் தீர்ந்தது. அங்கேதான் குழம்பிப்போனேன். மீசையை முடித்துவிட்டால் மறுநாள் டீ குடித்துவிட்டு எதை வைத்துக்கொண்டு உட்காருவது? பழக்கம் விட்டுப்போகுமே! அதனால் வரைகிறேன், துடைக்கிறேன், மறுநாள் மறுபடியும் வரைகிறேன்.

"அடுத்த பொம்மைய ஆரம்பிக்க வேண்டியதுதானங்க?" என்கிறாள் கமலம். ஒன்றை ஆரம்பிக்கவே எனக்கு ஒரு ரிடையர்மென்ட் தேவைப்பட்டது, இன்னொன்றுக்கு எங்கே போவேன்? பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் அஃப்தாப் எட்டிப் பார்த்து, மீசை மெலிந்த நாளில் "யாருங்க, பஸ்ஸு கண்டக்டரா?" என்கிறார். தடித்த நாளில் "போலீஸ்காரரு வந்துட்டாருங்களா?" என்கிறார். உங்கள் அசல் மீசை எது என்பதே எனக்கு மறந்துவிட்டது. நாலு பேர் முன்னால் என்னைக் கலைஞன் என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். உங்கள் மேடைக்கு வெறுங்கையோடு வந்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடுமே என்று பயமாக இருக்கிறது மாமா. ஆகையால் மீசை தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ அனுப்பவும். முடிந்தால் பவளவிழாவைச் சற்றுத் தள்ளிப்போட்டாலும் நல்லது. இன்றைக்கும் மேசையில் உட்கார்ந்து எழுந்த கையோடுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவர் காலிலும் விழுந்து ஆசி வாங்க வியாழக்கிழமையே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
பழமலை

பின்குறிப்பு: போட்டோ வேண்டாம். நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோதே கமலம் பொம்மையை அஃப்தாப் ஆட்டோவில் ஏற்றிச் சூளைக்கு அனுப்பிவிட்டாள். "நீங்க லெட்டர் எழுத உக்காந்தீங்க, அப்பதான் அது என் கைல சிக்குச்சி" என்கிறாள். என் வாழ்க்கையில் முதல் பொம்மை முடிந்துவிட்டது மாமா! ஆனால் இன்று இடது பக்க மீசையைத்தான் வரைந்திருந்தேன். வலது பக்கத்தை நாளைய வேலைக்கு என்று விட்டுவைத்திருந்தேன். இந்நேரம் சூளையை மூடித் தீ வைத்திருப்பார்கள். மறுபடி சுட இனி நாள் இல்லை. தயவுசெய்து வெள்ளிக்கிழமை வலது பக்கத்தை மட்டும் மழித்துக்கொண்டு மேடை ஏறவும்.