எங்கள் வாய்க்காலுக்கு வந்த பிரெஞ்சு மேயர்

வெளிநாட்டில் அக்கா இருக்கிற தம்பிமாருக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு எங்கள் ஊர் வாய்க்காலைவிட நீளம்.

அக்கா பிரான்சில் ஒரு நாட்டுப்புறத்தில் இருக்கிறார். பல வருடங்களுக்கு முன் ஒருநாள் தொலைபேசியில், "எங்கட ஊர் மேயரும் மனுசியும் என்னோட லீவுக்கு வருகினம். ஒருநேரச் சோறு குடுத்தால் காணும்," என்றார். சோறு என் காதில் ஏறவில்லை. மேயர் என்றால் எனக்குத் தெரிந்தது, முன்னால் ஒரு ஜீப்பும் பின்னால் ஒரு ஜீப்புமாக வருகிறவர்தான்.

அந்த நேரம் வாணியைப் பெண் கேட்டுவிட்டுப் பதில் வராமல் தவித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா எங்கள் ஊர் முரசுமோட்டையில் வயல் செய்கிற கமக்காரர் அமைப்பின் தலைவர். வாய்க்காலுக்கு மேலே ஒரு பாலம் வேண்டுமென்று அவர் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. நேரே அவரிடம் போனேன்.

"மாமா, பிரான்ஸ் மேயர் எங்கட ஊருக்கு வாறார். பாலம் கட்டின மாதிரித்தான்."

(மாமா என்று கூப்பிட எனக்கு ஒருவரும் அனுமதி தந்திருக்கவில்லை.)

அவர் ஊரையே கூட்டிவிட்டார். பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளமும் பிடித்தாயிற்று. பரந்தன் பக்கமிருந்து ஓர் ஓட்டோ வந்து நின்றது. அக்காவும் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் இறங்கினார்கள். பின்னால் கட்டைக் காற்சட்டையும் செருப்புமாக ஒரு மனிதர். மேளகாரர் வாசிக்கவில்லை, றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேயர் எங்கை, பின்னுக்கு வாறாரோ?" என்று கேட்டார்.

"இவர்தான்," என்றார் அக்கா.

மேயரின் கழுத்தில் மாலை விழுந்தது. மாமா பாலத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அக்கா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க மேயரின் முகம் சிவந்துகொண்டே போனது. கடைசியில் அவர் ஏதோ சொன்னார்.

"தன்ர ஊரிலயும் ஒரு பாலம் உடைஞ்சு கிடக்குதாம்," என்றார் அக்கா. "கட்ட வழியில்லையாம். நீங்கள் இங்க என்னெண்டு சமாளிக்கிறியள் எண்டு கேக்கிறார்."

பந்தலின் பின்னாலிருந்து ஒருவர், "அவற்ற ஊரில எத்தினை சனம்?" என்றார்.

"நூற்றிநாப்பது. மேயர் உட்பட. அடுத்த மாசம் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால் நூற்றிநாப்பத்தொண்டு."

"எட, பந்தலுக்குள்ள அதைவிடக் கூட இருக்கிறம்!"

ஊர் சிரித்தது. வாணியும் சிரித்தாள். மாமா மட்டும் என்னைப் பார்த்தார். கலியாணம் வாய்க்காலோடு போய்விட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

மாமா மேயரை வாய்க்காலடிக்குக் கூட்டிப்போனார். நாங்கள் பாலத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த பனங்குற்றிகளை மேயர் குனிந்து தட்டிப் பார்த்தார். படமும் பிடித்தார். பிறகு இரண்டு பேரும் கையால் கதைத்தே தங்கள் தங்கள் மேலதிகாரிகளைத் திட்டித் தீர்த்தார்கள். பந்தியில் மாமா தன் கையால் அவருக்கு இரண்டாந்தரம் சோறு போட்டார்.

எல்லோரும் போனபின் மாமா என் பக்கம் திரும்பினார். "தம்பி, உம்மட வாயை நம்பி நான் எப்பிடிப் பெட்டையைத் தாறது?"

வாணிதான் பதில் சொன்னாள்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அப்பா. இவர் சொல்லுற பொய் ஒருநாள்கூடத் தாங்காது. பயமில்லை."

கலியாணத்துக்கு மேயர் ஒரு படம் அனுப்பினார். தேவாலய வாசலில் அவருடைய ஊர் முழுவதும், புதிதாய்ப் பிறந்த குழந்தையும் சேர்த்து, ஒரே படத்துக்குள் நின்றது. அது எங்கள் விறாந்தையில் தொங்குகிறது.

பாலம் இன்னும் வரவில்லை. நேற்று மகளுக்குப் புதுச் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னேன். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

"அம்மா, உண்மையாவோ? இல்லாட்டிப் பாலம் கட்டின மாதிரியோ?"