கர்னல் வரம்பும் பதினோரு பெயர்களும்

நிதானம் என்ற குணம் பெங்களூரைவிட்டே போய்விட்டது என்று புலம்புகிறவர்கள், இங்குள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் 'மாற்ற ஆலோசனைக் குழு'வைக் கண்டதில்லை. உறுப்பினர்கள் பதினோரு பேர். சர்வரில் ஒரு கமாவைத் தொடுவதானாலும் அவர்கள் கூடிச் சிந்தித்து அருள வேண்டும்.

இந்த மாண்புமிகு குழுவிடம் மாட்டிக்கொண்டவள் பியாட்ரிஸ். பிரேசர் டவுன்காரி; யூனிக்ஸ் சர்வர்களைக் கவனிப்பது அவள் வேலை. அவற்றில் ஒன்றுதான் நகரத்து டயாலிசிஸ் மையங்களில் யாருக்கு எந்த நேரம் என்று ஒதுக்கித் தருவது. திங்கட்கிழமை காலை அது படுத்துவிட்டது. எழுப்பினால் பத்து நிமிடம் ஓடும், மறுபடி விழும்.

பியாட்ரிஸ் அரை மணியில் காரணத்தைப் பிடித்துவிட்டாள். இயந்திரத்தில் நினைவகம் கொட்டிக் கிடந்தது. ஆனால் எந்த நிரலுக்கு எவ்வளவு என்று பங்கிடும் கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையக்கருவில், யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய வரம்பு அப்படியே இருந்தது. தரவுத்தளம் கூடுதலாகக் கேட்டது, கர்னல் கைவிரித்தது. ஒரு கோப்பில் ஓர் எண்ணைக் கூட்டினால் போதும்.

குழு உடனடியாகச் செயலில் இறங்கியது. புதன்கிழமைக்குக் கூட்டம் வைத்தது.

புதன் காலை பியாட்ரிஸின் மேசைக்கு ஓர் அழைப்பு வந்தது. ஈஜிபுராவிலிருந்து பாஞ்சாலி என்ற பெண்.

"மூணு நாளா சர்வர் இல்ல, அப்புறம் வாங்கன்னு திருப்பி அனுப்புறாங்க மேடம். எங்க வீட்டுக்காரருக்குக் காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு விட முடியல."

பியாட்ரிஸ் இதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னாள். குழுத் தலைவர் சாய்கிருஷ்ணா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"பாவம்தான். ஆனா அந்தம்மா நம்ம ஸ்டேக்ஹோல்டர் லிஸ்ட்ல, அதான் சம்பந்தப்பட்டவங்க பட்டியல்ல, இல்லையே, பியாட்ரிஸ்."

பிறகு குழு விவாதத்தில் ஆழ்ந்தது. வரம்பைக் கூட்டினால் சர்வருக்குச் செல்லம் கூடிப்போகும் என்று ஒருவர் அஞ்சினார். பழைய எண்ணை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்ததால், அவரைத் தேடி அவருடைய 'பார்வை'யை அறிவது என்று முடிவானது. அபாயத்தைக் குறிக்க மஞ்சளா, ஆரஞ்சா என்று நாற்பது நிமிடம் போனது. மஞ்சள் ஜெயிக்கும் நேரத்தில், பியாட்ரிஸ் மடியிலிருந்த லேப்டாப்பில் எண்ணை மாற்றி எண்டரைத் தட்டினாள்.

சர்வர் எழுந்து நின்றது, விழவில்லை. மாலை மூன்று மணிக்குப் பாஞ்சாலியின் கணவருக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் பியாட்ரிஸே குழுவிடம் போய் உண்மையைச் சொன்னாள். குழு வரலாற்றில் முதன்முறையாகப் பத்தே நிமிடத்தில் கூடியது. விளைவு நல்லதுதான், ஆனால் முறைகேடாகப் பிறந்தது; எனவே பழைய எண்ணையே திரும்பப் போட்டு, பின்னர் முறைப்படி ஒப்புதல் கோருவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

பியாட்ரிஸ் லேப்டாப்பை மேசை நடுவே தள்ளினாள்.

"நான் போட மாட்டேன் சார். நீங்களே போடுங்க. எண்டர் அடிக்கிறவங்க பேரு சர்வரோட லாக் பதிவுல விழும். நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா அதைத்தான் பார்ப்பாங்க."

சாய்கிருஷ்ணா விசைப்பலகையைப் பார்த்தார். ஒருவருக்கு வேறு கூட்டம் ஞாபகம் வந்தது. இன்னொருவர் ஒலிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். தீர்மானம் 'மேலாய்வுக்காக' ஒத்திவைக்கப்பட்டது.

சர்வர் இன்றும் ஓடுகிறது. பியாட்ரிஸுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தடையற்ற சேவைக்காகக் குழுவுக்குக் கேடயம் வந்தது. அதில் பதினோரு பெயர்களும் பளபளவென்று பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மனிதரை மூன்று நாள் மூச்சுத் திணற வைத்தது யார் என்று கேட்டால்தான், அந்த அலுவலகத்தில் ஒரு பெயரும் கிடைக்காது.